ஆறிப்போன டீ

எந்த வீட்டுக்குப் பூட்டுத் திறக்கப் போனாலும், பூட்டுக்காரர் பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் கேட்பது ஒரு டம்ளர் டீ. கொண்டு வந்து கொடுத்ததும் குடித்துவிட மாட்டார். வாசற்படியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பூட்டுக்கு முன்னால் மண்டி போடுவார். பூட்டு வாயைத் திறந்ததும், திரும்பி டம்ளரை எடுத்து, ஆவி பறக்கிற டீயை ஊதி ஊதிக் குடிப்பார். குடிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்றாலும் அந்த ஊதல் தெருவுக்கே கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் ஊதுவார்.

ஊரில் அவருக்கு ‘ஆறாத டீ’ என்று பெயர். வைத்தவன் கிண்டலாகத்தான் வைத்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, கடைப் பலகையில் பெயருக்குப் பதிலாக ஒரு டம்ளரும் ஆவியும் வரைந்து மாட்டிவிட்டார். ஏன் மாட்டக் கூடாது? பள்ளிக்கூடம் என்றால் அவருக்கு ஞாபகம் இருப்பது மணிச் சத்தம் மட்டும்தான். ஒற்றை அரத்தோடு ஊருக்குள் வந்து, பஸ் நிலையத்துச் சுவரோரம் சாக்கு விரித்துச் சாவி அறுத்து, அந்தச் சாக்கிலிருந்து எழுந்து ஷட்டர் போட்ட சொந்தக் கடைக்குள் போய் உட்கார்ந்தவர். ஒருத்தரும் கை தூக்கிவிடவில்லை. அப்படி வந்த மனிதர் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியா பேசுவார்? கைக்குக் கூலி கிடைத்தது, வாய்க்கும் கொஞ்சம் கிடைக்கட்டுமே.

பேசினார். நிறையவே பேசினார். அவர் வாயைத் திறந்தால் ஜனங்கள் காதை மூடிக்கொள்வார்கள். வேலை நடந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கதையில் அது ஒரு முக்கியமான விஷயம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமைக்கு அடுத்தபடி அவரைப் பிடித்திருந்த வியாதி, ‘ஏன்’ என்கிற கேள்வி. ஒரு வீட்டில் எங்கெங்கே பூட்டுத் தொங்குகிறது என்று பார்த்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்லிவிடுவார். சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தால் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. பீரோவுக்குள் இருக்கிற சின்ன அறைக்கு மட்டும் புதுப் பூட்டு என்றால் மாப்பிள்ளை வீட்டோடு வந்து தங்கிவிட்டார். காரணம் பிடிபடாத பூட்டு என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு பூட்டைப் போடத்தான் சிமெண்ட் முதலாளி கூப்பிட்டார்.

சிமெண்ட் முதலாளி ஊரில் பெரிய கை. மொத்த வியாபாரம், லாரி, தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை. கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையைக் காட்டினார். அதற்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துப் பக்கம், இன்னொன்று கொல்லைப் பக்கம். இரண்டும் அறைக்குள் தள்ளித் திறக்கிற கதவுகள். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. கூடத்துக் கதவுக்கு உள்ளே பதிக்கிற பூட்டு, சாவி வெளியே இருப்பவர்களிடம். கொல்லைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி வைத்துத் தொங்கு பூட்டு. இதுதான் உத்தரவு.

“எல்லாரும் திருடன் உள்ள வந்துடக் கூடாதுன்னு பூட்டுவாங்க முதலாளி. நீங்க உள்ள இருக்கறது வெளியே வந்துடக் கூடாதுன்னு பூட்டறீங்களே, உள்ள என்ன இருக்கு?” என்று பூட்டுக்காரர் கேட்டார்.

“என் கடைசித் தம்பி. மனசு சரியில்ல. ஓடிடுவான்” என்றார் முதலாளி.

பூட்டுக்காரர் உள்ளே போனார். அறையில் ஒரு இரும்புக் கட்டில் மட்டும் இருந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்களாகத் தெரிந்தன. படங்கள் இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடியையும் கழற்றியிருந்தார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை. பூட்டுக்காரர் பைத்தியங்களைப் பார்த்திருக்கிறார், தன்னைப் பைத்தியம் என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறார். அதனால் தன் பாட்டுக்கு உளி பிடித்து மரத்தைச் செதுக்கினார். குனிந்து நிமிர்ந்ததில் கண்ணாடி நழுவியது, ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இன்னும் மூக்கை உறுத்துதுங்களா அய்யா?”

கட்டிலில் இருந்தவர்தான் திரும்பிக் கேட்டார். அப்போதுதான் பூட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். கடைத்தெரு கண்ணாடிக் கடையில் அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த தம்பி. பவர் பார்த்து, சட்டத்தைச் சூடு காட்டி வளைத்து, மூக்கில் உட்காரும் குமிழை மூன்று முறை மாற்றி, ‘உறுத்தினா திரும்ப வாங்க’ என்று சொல்லி அனுப்பிய ஆள். உதடு வீங்கிக் கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் பாதி மூடியிருந்தது.

“இடது பக்கம் கொஞ்சம்” என்றார் பூட்டுக்காரர்.

“ஒரு சுத்து இறுக்கணும். ஸ்க்ரூ டிரைவர் இல்ல, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.”

வாசலில் நின்ற முதலாளி செருமினார். பேச்சு நின்றது. ஆனால் பூட்டுக்காரரின் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. மனசு சரியில்லாதவன் அடுத்தவன் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவானா? அதுவும் தன் முகம் அந்த லட்சணத்தில் இருக்கும்போது?

கொல்லைக் கதவை முடித்துவிட்டு, வழக்கப்படி பூட்டின் புகழைப் பாட ஆரம்பித்தார். இது லேசுப்பட்ட பூட்டு இல்லை, சாவி இல்லாமல் இதைத் திறக்க நானே தலைகீழாக நிற்க வேண்டும், உடைப்பதென்றால் மெஷின் வைத்துத்தான் அறுக்க வேண்டும் என்றார். முதலாளி அந்தத் தொங்கு பூட்டின் இரண்டு சாவிகளையும் வாங்கினார். அம்மாவையும், கட்டிலில் இருந்த தம்பியின் நடு அண்ணனையும் கொல்லைக்குக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே சாவிகளைக் கிணற்றில் போட்டார். “இவன் இனிமே இந்த வழியா எங்கயும் போகப் போறதில்ல” என்றார். சாவி தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்க வெகு நேரமானது. நல்ல ஆழம்.

நல்ல பூட்டின் சாவியைக் கிணற்றில் போட்டால் பூட்டுக்காரருக்கு வயிறு எரியாதா? அதோடு அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டிருந்தது. கதவு உள்ளே திறப்பதால் கீல் இரண்டும் அறைக்குள் இருந்தன. வெளியே எவ்வளவு பெரிய பூட்டுத் தொங்கினாலும், கீல் யார் பக்கம் இருக்கிறதோ அவனுக்குக் கதவு சொந்தம். அந்த வீட்டைக் கட்டியவன் திருடனுக்குப் பயந்து கட்டினான், தம்பிக்குப் பயந்து கட்டவில்லை. “முதலாளி, இந்தக் கீல் இருக்கே...” என்று ஆரம்பித்தார்.

“உன் புராணத்தைக் கேக்க எனக்கு நேரமில்ல. முடிச்சியா, கிளம்பு.”

பூட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு கிளம்பினார். கேட்க விருப்பமில்லாதவரிடம் வித்தையை எதற்குக் கொட்ட வேண்டும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பேச்சில் அவருக்குக் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை. “ஊரே பேசுது, உங்க காதுக்கு மட்டும் பூட்டா?” என்று கேட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கண்ணாடித் தம்பியும், கடைத்தெருக் கோடியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற பிரேம்கடைக்காரனும் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். சிநேகிதர்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று யாரோ போய் முதலாளியிடம் வத்தி வைத்தார்கள். அண்ணன்மார் இரண்டு பேரும் தெரு ஆட்களோடு போய், இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போட்டு, பெல்ட்டால் அடித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களும் ஆளுக்கொரு உதை கொடுத்தார்கள். போலீஸ் வந்து, குடும்ப விவகாரம் என்று சொல்லிவிட்டுப் போனது.

“அவங்க என்ன, யாரையாவது கடிச்சாங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

பூட்டுக்காரர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை. அப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கடைத்தெருவில் ஜோக்கு அடித்தால் சிரிக்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர்தான். ஆனால் தெரியாத ஒன்று கண்ணெதிரே இருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் அவரால் தூங்க முடியாது. முதல் சாவி மெஷினோடு எடுத்துக்கொண்ட பழைய போட்டோ ஒன்றைச் சட்டம் போடும் சாக்கில் தூக்கிக்கொண்டு, மறுநாளே பிரேம்கடைக்குப் போனார்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி மூலையில் குவித்திருந்தார்கள். பிரேம்கடைக்காரன் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, மற்றக் கையால் மரச்சட்டத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். வந்தவரைப் பார்த்ததும் அவன் கை நின்றது. வாடிக்கையாளர் இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“கை வலிக்குதா தம்பி?”

“வலி இல்லீங்க” என்றான். மெழுகுத் துணியைக் கீழே வைத்துவிட்டு, “பொய். வலிக்குது” என்றான்.

பூட்டுக்காரர் போட்டோவைக் கொடுத்தார். மெஷினின் பெருமையைச் சொன்னார். அதன் இரும்பு வாசனைகூடத் தனக்குப் பிடிக்கும் என்றார். சுற்றி வளைத்துப் பார்த்தார், கேள்வி வெளியே வர அடம்பிடித்தது. கடைசியில் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

“நான் படிக்காதவன், தப்பா எடுத்துக்காத. உங்க ரெண்டு பேர்ல யாரு சமைக்கறது?”

பிரேம்கடைக்காரன் அவரையே பார்த்தான். அடி வாங்கிய விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எதையெதையோ கேட்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பான் போல. “அவன்தாங்க சமைப்பான். நான் உப்புக் கம்மின்னு சொல்லுவேன்.”

“அதுக்கு அவரு?”

“அப்ப நீயே செய்டான்னு கரண்டியைக் கையில திணிப்பான். நான் செஞ்சா உப்புக் கரிக்கும்.”

“அட, எங்க வீட்டுக் கதையே இதுதாம்ப்பா.”

உள்ளதைச் சொன்னால் பூட்டுக்காரருக்கு அதில் ஒரு ஏமாற்றமும் இருந்தது. பெரிய இரும்புப் பெட்டகம் என்று பாடுபட்டுத் திறந்தால் உள்ளே உப்பு டப்பா இருந்த மாதிரி. இதற்காகவா ஊர் கை கால் உடைத்தது? இதற்காகவா தன் பூட்டு?

பிரேம்கடைக்காரன் மிச்சத்தையும் சொன்னான். தம்பியை ஊருக்கு வெளியே இருக்கிற திருத்தும் இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்கள், வண்டி வரும் நாளுக்குத்தான் காத்திருக்கிறார்கள். திருந்தினால் கல்யாணம், இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். துறைமுக ஊரில் பிரேம்கடைக்காரனுக்கு ஒரு அத்தை இருக்கிறாள். ரெண்டு பேரும் வந்துடுங்கடா என்று போன் மேல் போன் போடுகிறாள். “ஒருத்தனா எப்படிங்க போறது? அவன் வெளியே வந்தா இங்கதான் தேடி வருவான். அதான் ஷட்டரைப் பாதி தொறந்தே வெச்சிருக்கேன்.”

அந்தத் திருத்தும் இல்லம் பூட்டுக்காரருக்குத் தெரியும். முன்பு ஒரு முறை பூட்டு வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவுக்கு என்று நினைத்துப் போனார். கட்டிலுக்கு என்றார்கள். ஒவ்வொரு கட்டில் காலிலும் வளையம் அடித்திருந்தது, தரையில் ஒரு வளையம். ஒரு கட்டிலில் படுத்திருந்த பையன் அவர் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதிரிச் சரக்கு என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் வேண்டாம் என்றதால் அங்கே பூட்டு இல்லாமல் போயிருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், முதலாளியின் லாரி டிரைவர் கடைக்கு ஓடி வந்தான். கூடத்துக் கதவு திறக்க மாட்டேன் என்கிறதாம். உள்ளே இருப்பவன் துவாரத்தில் எதையோ திணித்துவிட்டானாம், சாவி நுழையவில்லையாம்.

வீட்டு முன்னால் ஜன்னலுக்கு வலை அடித்த வேன் நின்றது. கூடத்தில் இல்லத்து ஆட்கள் இரண்டு பேர், ஒருவன் கையில் சுருட்டிய கயிறு. முதலாளி, நடு அண்ணன், வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கம். அம்மா சுவரோரமாகத் தன் மகனின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கதவை உடைச்சுடலாம்னான் இவன்” என்று நடு அண்ணனைக் காட்டினார் முதலாளி. “தேக்கு. எங்கப்பா போட்ட கதவு. நீ திறந்துடுவேல்ல?”

“டீ வரட்டும் முதலாளி” என்றார் பூட்டுக்காரர்.

அம்மா எழுந்து போய் டீ கொண்டு வந்தாள். அவர் அதைப் படியில் வைத்தார். கூட்டம் சிரித்தபடி நெருங்கி நின்றது. மண்டி போட்டு, டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்தார்.

பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. கூர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி. முனையில் கடுகளவு திருகாணி பளபளத்தது. உள்ளே இருந்தவன் தன் கண்ணாடியின் காதை ஒடித்து, துவாரத்தில் செருகி, பிடி கிடைக்காதபடி முறித்துவிட்டிருக்கிறான். கண்ணாடி இல்லாமல் நாலடி தள்ளித் தெரியாதவன் அவன், கடையில் அவனே சொல்லியிருக்கிறான். அடைத்தவர்கள் தன்னிடம் வராமல் இருக்க அவன் தன்னையே உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறான்.

எடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பையில் சாமணம் இருந்தது, முள் எடுக்கிற மாதிரி மெல்லிய இடுக்கி. நுழைத்து, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. டீயில் ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். பின்னால் ஊர் நிற்கிறது. முதலாளி வீட்டில், இத்தனை பேர் முன்னால் ஊதி ஊதிக் குடித்தால் அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் ஓடும். அவர் கை சாமணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இடது பக்கம் மூக்கு உறுத்தியது.

சாமணத்தைப் பைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

“கஷ்டமான கேஸ் முதலாளி” என்றார் உரக்க. “ஆனா நான் பாக்காத கேஸா? எல்லாரும் ஒரு கை குடுங்க. முதலாளி, நீங்க இந்தப் பக்கம் கதவை அழுத்திப் பிடிங்க. நடு அண்ணன் அந்தப் பக்கம். கயிறு வெச்சிருக்கற தம்பி, நீ டார்ச்சைப் பிடி. ஆட்டாத. கதவு அசைஞ்சா பூட்டுக்குள்ள இருக்கற லிவர் சாஞ்சுடும்.”

கொல்லைப் பக்கம் போவதற்கு ஒருத்தருக்கும் கை ஒழியவில்லை. பிறகு அவர் வாய் ஓட ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து எதற்குப் பழகினாரோ அந்த வேலை.

“இப்படித்தான் ஒரு தடவை, துணி குடோன்ல வாட்ச்மேனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பின் கதவுக்கு வெளியே என் தொடை தண்டி பூட்டு. உள்ள இருந்து அழறான். நான் வெளியே இருந்து கத்தினேன். அடேய், பூட்டை எதுக்குடா நினைக்கற, கீலைப் பாரு. கதவு உன் பக்கம் திறந்தா கீலும் உன் பக்கம். கீலுக்கு நடுவுல ஒரு கம்பி நிக்கும், அதுதான் கதவுக்கு உசிரு. நீ படுக்கற இரும்புக் கட்டில்ல போல்ட் இருக்கும், ஒண்ணைக் கையால திருகி எடு. கீழ இருந்து மேல தட்டு...”

“யோவ், இப்ப எதுக்குய்யா குடோன் கதை?” என்றான் நடு அண்ணன்.

“விடுடா. அவனுக்கு வாய் ஓடினாத்தான் கை ஓடும்” என்றார் முதலாளி, கதவை அழுத்திக்கொண்டு.

“கீழ்க் கீலை முதல்ல எடுக்கணும்” என்றார் பூட்டுக்காரர், துவாரத்துக்கு வாயைக் கொடுத்து. “மேல் கீல் கடைசி. மாத்திச் செஞ்சா கதவு தலை மேல விழும். அவசரப்படாதடா, நான் இங்க சத்தம் போட்டுக்கிட்டே இருக்கேன்னேன்.”

உள்ளே நிசப்தம். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தான் பேசுவதை யாராவது கேட்டால் தேவலை என்று அவர் வேண்டிக்கொண்டார்.

கட்டில் கிறீச்சிட்டது.

பூட்டுக்காரர் சுத்தியலால் பூட்டின் பித்தளைத் தகட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். உள்ளே ‘டொக்’ என்றது. இவர் நாலு அடித்தார். உள்ளே இரண்டு. இவர் ஒரு அடியும் தவறாமல் அதன் மேலேயே அடித்தார்.

“உள்ள என்னவோ சத்தம் கேக்குதே?” என்றார் முதலாளி.

“நான் இங்க அடிக்கறது அங்க போய் மோதித் திரும்புது. காலி ரூம் இல்லையா? நீங்கதானே எல்லாத்தையும் எடுத்துட்டீங்க.”

அப்போது மரம் உரசுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. கதவு தரையில் இழுபடுகிற சத்தம். அதற்கு எந்தச் சுத்தியலும் பதில் சொல்ல முடியாது. முதலாளி தலையைத் திருப்பினார்.

சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

வீடே அதிர்கிற மாதிரி ஓடியது. பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சுவரோரத்தில் அம்மா இல்லை, துணிப்பையும் இல்லை. அவள் எப்போது எழுந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. சமையலறை ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. மெஷின்களோடு காலம் தள்ளியவர் அவர், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த மிக்ஸி ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்றைத்தான் அரைத்துக்கொண்டிருந்தது.

“அம்மா, அதை நிறுத்தும்மா” என்று நடு அண்ணன் கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டதோ என்னவோ, நிறுத்தவில்லை.

அது நின்றபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பூட்டுக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். படியில் இருந்த டீயைப் பார்த்தார். மேலே ஆடை படிந்திருந்தது, ஒரு ஈ அதில் நடந்தது.

“முடியல முதலாளி.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ஊர் கேட்டதே இல்லை. முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும். முதலாளி வாயில் வந்தபடி திட்டிவிட்டு, பஸ் நிலையத்தில் புதிதாகக் கடை போட்டிருந்த சாவிக்காரனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவன் வந்தான், துவாரத்தைப் பார்த்தான், சாமணத்தை விட்டு இழுத்தான். காதுக் கம்பி வந்துவிட்டது. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அறை காலி. கொல்லைக் கதவு கீல் பக்கமாக விலகி, வெளிப்பக்கத்துக் கொண்டியில் சாய்ந்து தொங்கியது. தொங்கு பூட்டு ஒரு கீறல் இல்லாமல் பூட்டியபடியே இருந்தது. சந்துக்குப் போகிற கேட் திறந்து கிடந்தது.

முதலாளி பூட்டுக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “நீயும் இதுக்குக் கூட்டா?”

காப்பாற்றியது அந்தச் சாவிக்காரன்தான். “இவரா? விடுங்க முதலாளி” என்று சிரித்தான். “ஒரு குச்சியை எடுக்கத் தெரியல, இவரு எங்க கூட்டுச் சேரப் போறாரு?” கூட்டம் மறுபடி சிரித்தது. முதலாளியின் பிடி தளர்ந்தது. பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைப் பையில் போட்டார். அவருக்கு அந்த ஊரில் அதைவிடப் பெரிய சாட்சி கிடைத்திருக்காது.

போகும் வழியில் பிரேம்கடையைப் பார்த்தார். ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது. இழுத்துப் பார்த்தார். நன்றாகப் பூட்டியிருந்தது.

அதற்கப்புறம் அவர் பெயர் ‘ஆறின டீ’ ஆகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால், அண்ணனுக்கு ஐஸ் டீயா என்று கேட்பார்கள். முதலாளியின் ஆட்கள் வேலைக்கு அந்தச் சாவிக்காரனைத்தான் கூப்பிட்டார்கள். பூட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தான் செய்ததிலேயே பெரிய காரியம் அது, பூட்டையே தொடாமல் கதவைத் திறந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது. நாக்கு நுனி வரைக்கும் வரும், தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவார். பெருமை பேசிப் பழகிய வாய்க்கு அது சாதாரணப் பட்டினி இல்லை.

மனைவி அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“முதலாளி வீட்டுப் பூட்டு எப்படிங்க உங்களுக்குத் திறக்கல?”

“திறக்கல. அவ்வளவுதான்.”

“அதான் இடிக்குது. போன வருசம் ஒரு சைக்கிள் பூட்டு மக்கர் பண்ணுச்சு. மழை, துரு, சைக்கிள்காரன் மூஞ்சின்னு ஒரு மாசம் காரணம் சொன்னீங்க. இதுக்கு ஒரு காரணமும் சொல்ல மாட்டேங்கறீங்க. நிஜமாத் தோத்திருந்தா இவ்வளவு அமைதியா இருக்கற ஆளா நீங்க?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “மூக்குக் குமிழ் ஒண்ணு ஆடுது” என்றார். “துறைமுக ஊர்ல நல்லாப் போடறாங்களாம். ஒரு நடை போயிட்டு வரலாமா?”

“இந்த ஊர்லயே போட மாட்டாங்களா?” என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, துணி எடுத்து வைக்கப் போனாள்.

துறைமுக ஊரில் மீன் வலை விற்கிற தெருவில் ஒரு சின்னக் கடை. ஒரு பாதியில் மூக்குக்கண்ணாடி, மறுபாதியில் படச்சட்டம். கடைக்குப் பின்னால் வீடு. புதுக் கண்ணாடி போட்டிருந்த தம்பி எழுந்து நின்றான். பூட்டுக்காரரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கினான். இடது பக்கம் ஒரு சுற்று இறுக்கினான். துடைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டான்.

“உறுத்துதுங்களா?”

“இப்ப இல்ல.”

பிரேம்கடைக்காரன் உள்ளேயிருந்து வந்தான். மாவுக்கட்டு போயிருந்தது, கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான். பிறகு தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டான். சிமெண்ட் லாரி ஒன்று போன வாரம் இந்தத் தெருவில் போனதாம். யாருடையதோ. இருந்தாலும் அதிலிருந்து இரண்டு பேருக்கும் சரியான தூக்கமில்லை. வீட்டுக் கதவுக்கு நல்லதாக ஒரு தாழ்ப்பாள் வேண்டும்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“உள்பக்கங்க.”

“கீலையும் பாக்கறேன்” என்று எழுந்தார். “டீ வரட்டும்.”

தம்பி டீ போட உள்ளே போனான். சர்க்கரை கம்மியாகப் போடாதே என்று பிரேம்கடைக்காரன் கத்தினான். அப்ப நீயே வந்து போடு என்று பதில் வந்தது. டம்ளர் படியில் வந்து உட்கார்ந்தது. பூட்டுக்காரர் மண்டி போட்டார். திருகாணியைக் கடித்துக்கொண்டு, துளையிட்டு, அறைந்து, இழுத்துத் தள்ளிப் பார்த்தார். நடுவில் ஏதோ குடோன் கதையை ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள்.

மனைவி அந்த இரண்டு பேரையும் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், கதை சொல்கிற புருஷனைப் பார்த்தாள். குனிந்து டம்ளரைத் தொட்டாள்.

சுட்டது.